பட்டினிச்சாவும் மூளைச்சாவும்

திருக்கழுக்குன்றம் என்றவுடன் வேதகிரி மலையும் சங்கு தீர்த்தமும் கழுகுகளும் நினைவுக்கு வருவது இயல்பு. 2008-ஆம் ஆண்டுக்குப் பின் அவ்வூரோடு இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. அது ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவனின் பெயர். அவ்வூரில் மருத்துவர்களாக இருந்த அசோகன், புஷ்பாஞ்சலி இணையரின் மகன். அவ்வாண்டு செப்டம்பரில் இருசக்கர வாகன விபத்தில் தலையில் காயமுற்று, சென்னை அப்போலோ மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்ததாக அறிவிக்கப்பட்டான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடையாக அளித்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவனது இதயம் பதினொரு நிமிடங்களில் கொண்டு செல்லப்பட்டு, மருத்துவர் கே.எம்.செரியன் நடத்திய மருத்துவமனையில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டதை அந்நாளைய செய்தித்தாள்கள் விரிவாக எழுதின. மலையாளத்தில் 'டிராஃபிக்' (2011), தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' (2013) ஆகிய படங்களுக்கு இந்நிகழ்ச்சியே தூண்டுதல். செப்டம்பர் 23 தமிழ்நாட்டில் உறுப்புக் கொடை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அந்தப் பதினொரு நிமிடங்களை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய மணித்துளிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மகனின் மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறது, திரையில் இதயத்துடிப்பு ஓடுகிறது. ஆயினும் அவன் இறந்துவிட்டான் என்பதைப் பெற்றவர்கள் ஏற்றாக வேண்டும். அந்த இணையர் மருத்துவர்கள். மருத்துவர் சொன்னது அவர்களுக்கு விளங்கிற்று. துயரம் குறையவில்லையாயினும் ஐயம் எழவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் கல் கொத்தும் ஒரு தந்தைக்கும், செங்கல்பட்டுச் சந்தையில் காய்கறி விற்கும் ஒரு தாய்க்கும் அதே நிலை வந்தால் அவர்கள் கையில் என்ன இருக்கிறது? 'மூளைச்சாவு' என்ற ஒரே ஒரு சொல். அந்தச் சொல் அவர்களுக்கு உதவவில்லை என்பதே நாம் இங்கே சொல்ல வந்தது.

தமிழ் பயிற்றுவிப்பவர் என்ற முறையில் இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். 'மூளைச்சாவு' ஒரு தொகைச்சொல். தொகையை விரித்தால்தான் பொருள் தெளிவாகும். 'மூளையின் சாவு' என்று விரித்தால் அது ஆறாம் வேற்றுமைத் தொகை. உடம்பின் ஓர் உறுப்பு செத்தது, மற்றவை உயிரோடு இருக்கின்றன என்று பொருள்படும். பெரும்பாலோர் விரித்துக்கொள்வது இப்படித்தான். 'கால் போயிற்று, கண் போயிற்று' என்பதுபோல 'மூளை போயிற்று' என்று கேட்டுக்கொள்கிறார்கள். கால் போனவர் இருக்கிறார். மூளை போனவரும் இருப்பார்தானே?

ஆனால் 'பட்டினிச்சாவு' என்பதை யாரும் 'பட்டினியின் சாவு' என்று விரிப்பதில்லை. பட்டினியால் ஒருவர் செத்தார் என்றே கொள்கிறோம். உருபும் பயனும் உடன்தொக்க மூன்றாம் வேற்றுமைத் தொகை அது. மருத்துவமும் சட்டமும் 'மூளைச்சாவு' என்பதை இப்படித்தான் விரிக்கின்றன. மூளை செயலற்றதால் நேர்ந்த சாவு. செத்தது மூளை மட்டுமன்று, ஆள். ஒரு வேற்றுமை உருபு மறைந்து நின்று இத்தனை குழப்பத்தை விளைவிக்கிறது. 'மூளைச்சாவு அடைந்த இளைஞர் மறுநாள் உயிரிழந்தார்' என்று செய்தி எழுதுகிறோம். ஒருவருக்கு இரண்டு சாவா? எழுதுகிற நமக்கே தெளிவில்லாதபோது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தூக்கமின்றி நிற்பவர் எப்படித் தெளிவார்?

இனி உடம்புக்கு வருவோம். வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ எடையுள்ளது. உடல் எடையில் 2 விழுக்காடே ஆயினும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் படித்த மூன்று பகுதிகளை மீண்டும் நினைவுகொள்வோம். மேலே கவிந்திருப்பது பெருமூளை. எண்ணுவது, பேசுவது, நினைவு வைப்பது, கைகால்களை விரும்பியவாறு அசைப்பது எல்லாம் அதன் வேலை. பின்புறம் கீழே சிறுமூளை. உடம்பு தள்ளாடாமல் நிற்பதும் சிற்பியின் உளி பிசகாமல் விழுவதும் அதன் உதவியால். இவ்விரண்டையும் தண்டுவடத்தோடு இணைப்பது மூளைத்தண்டு. நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று அதற்கு மூன்று பகுதிகள். ஒருவருடைய கட்டைவிரலை ஒத்த அளவுதான் இருக்கும். ஆனால் விழிப்பைக் காப்பதும் மூச்சை நடத்துவதும் இரத்த அழுத்தத்தைச் சீர்செய்வதும் இங்கேதான்.

'முகுளம்' என்றால் மொட்டு. இப்பெயர் வைத்தவரை நாம் பாராட்டுகிறோம். அந்த மொட்டுக்குள் மூச்சின் வேர் இருக்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் முகுளம் அதை உணர்ந்து மூச்சிழுக்க ஆணையிடும். மாமல்லபுரக் கடலில் மூழ்கி விளையாடும் சிறுவர்கள் மூச்சை அடக்குவது பெருமூளையின் விருப்பத்தால். ஓர் எல்லைக்கு மேல் அவர்களால் அடக்க முடியாது, முகுளம் வென்றுவிடும். நாம் உறங்கும்போதும் மயங்கிக் கிடக்கும்போதும் மூச்சு ஓடுவது இதனால்தான்.

முகுளத்துக்குக் கீழே தொடங்குவது தண்டுவடம். தேர்வடத்தை நினைவூட்டும் 'வடம்' என்ற சொல் இங்கே நன்றாகவே பொருந்துகிறது. ஏறத்தாழ 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன். அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. கழுத்துப் பகுதியில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நரம்புகளின் வழியே முகுளத்தின் ஆணை உதரவிதானத்துக்குச் சென்று மூச்சாகிறது. மூளைக்குச் செய்தி சொல்லிக் காத்திராமல் வடம் தானே செய்யும் வேலைகளும் உண்டு. முழங்காலுக்குக் கீழே மெல்லத் தட்டினால் கால் துள்ளுவதும் சூடு பட்ட கை வெடுக்கென்று விலகுவதும் அப்படிப்பட்டவை. அனிச்சைச் செயல்கள் என்று இவற்றைக் கூறுவர்.

இவ்வளவும் தெரிந்தால்தான் அந்தக் கொடிய மணித்துளி விளங்கும். தலையில் பலத்த அடிபட்டால் மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே அழுத்தம் ஏற ஏற இரத்தம் நுழைய வழியற்றுப் போகிறது. வீங்கிய மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு மூளைத்தண்டு நசுங்குகிறது. அது மாண்டால் விழிப்பும் மூச்சும் மீளவே மீளா. (தலைக்கவசம் அணியச் சொல்லி ஜி.எஸ்.டி. சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் காவலர்கள் நிறுத்தும்போது முணுமுணுக்கும் நண்பர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.)

அப்படியானால் மார்பு ஏன் ஏறி இறங்குகிறது? வென்டிலேட்டர் காற்றை ஏற்றி இறக்குகிறது. இதயம் ஏன் துடிக்கிறது? இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே தொடங்கும் கணு உண்டு. பிராணவாயு கிடைக்கும் வரை மூளையின் ஆணை இல்லாமலும் அது துடிக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ அதுவும் நின்றுவிடும். கை ஏன் அசைந்தது? சில வேளைகளில் அசைவதுண்டு. தண்டுவடம் இன்னும் இயங்கிக்கொண்டிருப்பதால் நேரும் அனிச்சைச் செயல் அது. 'என் பிள்ளை கையை அசைத்தான்' என்று தாய் கூறுவது பொய்யன்று. அவள் கண்டது உண்மை. அசைத்தது பிள்ளையா, வடமா என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல அவள் மொழியில் ஆள் வேண்டும்.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றென்று கருதுவோர் பலர். நம் வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் கேட்டபோதும் 'கோமா' என்ற விடையே முதலில் வந்தது. கோமாவில் இருப்பவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார். மூளைத்தண்டு இயங்கினால் மீளவும் கூடும். அறிவு மீளாமலே நெடுங்காலம் வாழ்பவரும் உண்டு. மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-இல் கொடுந்தாக்குதலுக்கு உள்ளாகி 2015-இல் மறையும் வரை 42 ஆண்டுகள் அப்படிக் கிடந்தார். 2011-இல் உச்ச நீதிமன்றம் அவரது வழக்கில் தீர்ப்புரைத்தபோது, கருவியின் துணையின்றி அவர் மூச்சுவிடுவதைச் சுட்டி, அவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்லர் என்று கூறிற்று. அவரது பெருமூளை பெரிதும் சிதைந்திருந்தது. மூளைத்தண்டு உயிரோடு இருந்தது. ஆகவே அவர் உயிரோடு இருந்தார். வேறுபாடு இவ்வளவு தெளிவானது.

இங்கே தமிழ் மரபு நமக்குக் கைகொடுக்கிறது என்பது நம் கருத்து. நம் இலக்கியம் அன்பையும் துயரத்தையும் நெஞ்சில் வைத்தது. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என்று இரண்டு அதிகாரங்கள் உள்ளன. நெஞ்சைத் தூதுவிட்ட நூலும் நம்மிடம் உண்டு. மூளையை விளித்துப் பாடியவரை நாம் கண்டதில்லை. ஆகவே நெஞ்சு துடிக்கும்போது ஆள் இல்லை என்றால் தமிழ் மனம் மறுக்கிறது. ஆனால் சாவைக் குறிக்க நம் மக்கள் கையாள்வது நெஞ்சை அன்று, மூச்சை. 'மூச்சு அடங்கிற்று', 'மூச்சு நின்றது', 'மூச்சுப் பேச்சில்லை' என்றே ஊரில் சொல்கிறார்கள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்த பாட்டிமார் பார்த்தது மூளைத்தண்டைத்தான். பெயர்தான் அவர்களுக்குத் தெரியாது.

மருத்துவர்களும் இறுதியில் அதையே பார்க்கிறார்கள். கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் அசைகிறதா, தொண்டையைத் தீண்டினால் இருமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பர். பின்னர் பிராணவாயுவை மட்டும் குழாய்வழி விட்டு, கருவியின் உந்துதலை நிறுத்தி, இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்வரை காத்திருப்பர். முகுளத்தில் துளி உயிர் இருந்தாலும் மூச்சு எழ வேண்டும். எழாவிட்டால், குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் சோதிப்பர். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பை எடுக்கும் குழுவினர் அதில் இடம்பெறலாகாது. சிறுநீரக வணிகம் தலைவிரித்தாடிய நாட்டில் மக்களுக்கு ஐயம் எழுவது நியாயமே. அந்த ஐயத்துக்கு விடையாகத்தான் இவ்விதிகள் உள்ளன. அவற்றையும் தமிழில் சொன்னால்தானே தெரியும்?

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. 'மூளைச்சாவு' என்ற சொல் ஊன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டா. ஆனால் அதைச் சொல்லும் இடத்திலெல்லாம் 'மூளைத்தண்டு மாண்டதால் மூச்சு நின்றுவிட்டது. இப்போது ஏறி இறங்குவது கருவியின் காற்று' என்ற விளக்கமும் உடன்வர வேண்டும். செய்தி எழுதுவோர் ஒருவரை இருமுறை சாகச் செய்யாதிருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில், ஆங்கிலப் படிவத்துக்கு முன்பாக, ஒரு பக்க அளவில் நல்ல தமிழ்க் குறிப்பு இருக்க வேண்டும். அதை எழுதித் தருவது தமிழ் படித்தவர்களின் கடமை. வேற்றுமைத் தொகை நடத்தும் வகுப்பில் 'பட்டினிச்சாவு' என்பதற்கு அருகில் 'மூளைச்சாவு' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பாடமும் நடக்கும், உலகியலும் விளங்கும்.

கொடை தருக என்று யாரையும் நெருக்குவது நம் நோக்கம் அன்று. கொடையாளருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு என்று 2023-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது; மகிழ்ச்சி. எனினும் மறுக்கும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு, அதையும் மதிக்க வேண்டும். தருவதோ மறுப்பதோ, நடந்தது இன்னதென்று புரிந்தபின் நிகழட்டும். புரியாமல் தந்தவர், 'மூச்சு இருக்கும்போதே கொடுத்துவிட்டோமோ' என்று ஆயுள் முழுதும் மறுகுவார். புரியாமல் மறுத்தவர், மீளாத மகனுக்காகக் கடன் வாங்கிக் கருவியின் வாடகை கட்டுவார். இவ்விரு துன்பங்களுக்கும் தமிழில் மருந்து உண்டு. மறைந்து நிற்கும் ஓர் உருபை விரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே.