கருணைக்குக் கூலியா?

அமாவாசை வந்துவிட்டால் போதும், வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறை அடிவாரம் வரையில் மக்கள் வெள்ளம்! சதுரகிரி மலையேறும் அந்தக் கூட்டத்திலே, பேசாப் பிள்ளையைத் தோளிலே சுமந்து செல்லும் தந்தையும் உண்டு. மூச்சிரைக்கப் பின்னால் ஏறும் தாயும் உண்டு. பிள்ளை வாய் திறந்து ‘அம்மா’ என்று அழைக்க வேண்டுமாம், அதற்காக வேண்டுதல். வசம்பை உரைத்து நாவிலே தடவியாகிவிட்டது, தேனும் தடவியாகிவிட்டது, மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. குறை நாவிலே இல்லை, செவியிலே! கேளாத காரணத்தால்தான் பிள்ளை பேசவில்லை என்னும் இந்தச் சிறு உண்மையை அந்த ஏழைகளிடம் எடுத்துரைப்பார் இல்லை. மலையடிவாரத்தை விட்டுச் சாலைக்கு வந்தாலோ, செவிடரைக் கேட்க வைக்கிறோம், ஊமையரைப் பேச வைக்கிறோம் என்று சுகமளிக்கும் கூட்டத்தாரின் சுவரொட்டி! கடவுள் வேறு, கடை ஒன்றுதான்.

இந்த நிலையிலே, பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்காகக் கிறித்தவத் திருச்சபையார் நடத்தும் விடுதிப் பள்ளியைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் ஊர்ப் பழமை விரும்பிகள் சீறுகின்றனர். “பள்ளிக்கூடமா அது? மதம் மாற்றும் வலையல்லவா!” என்கின்றனர். வலை என்றே வைத்துக்கொள்வோம், ஐயன்மீர்! வலை விழுவதற்கு முன்னே மீன் எங்கே கிடந்தது? சுடுமணலிலே கிடந்து துடித்தது! அதைத் தண்ணீரிலே விட நீங்கள் நீட்டிய கை எது?

புளோரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கில மாது, இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷன் அனுப்ப வந்தவர், 1895-இல் பாளையங்கோட்டையிலே அந்தப் பள்ளியைத் தொடங்கினார். அன்று நமது திருவில்லிபுத்தூர்த் தாலுகாவும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1910-இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போயிற்று. ஆகவே அது எங்கோ நடந்த செய்தியன்று, நம் மாவட்டத்துச் செய்தி. வானளாவக் கோபுரம் எழுப்பிய நாடு. தேர் இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் கூடும் நாடு. மடங்களுக்கும் மானியங்களுக்கும் பஞ்சம் இல்லாத நாடு. இருந்தும் கேளாப் பிள்ளைக்கு ஓர் எழுத்தைக் கற்பிக்கக் கடல் கடந்து ஒரு பெண் வரவேண்டியிருந்தது. நம்மவரால் முடியாத காரியமா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. கல்கத்தாவிலே 1893-இல் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கியவர்கள் வங்காளிகளே. முடியும், மனம் இல்லை.

மனம் ஏன் இல்லை? மனு இருக்கிறார், அதனால்! பிறவிக் குருடருக்கும் செவிடருக்கும் ஊமையருக்கும் குடும்பச் சொத்திலே பங்கு இல்லை, உண்ணவும் உடுக்கவும் கொடுத்தால் போதும் என்று விதித்தவர் அவர். போன பிறவிப் பாவத்தின் மிச்சமே அந்தக் குறை என்று காரணமும் காட்டியவர். பாவி என்று முத்திரை குத்திவிட்டால், பள்ளிக்கூடம் எதற்கு? 1928-இல் ஒரு சட்டமும் 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்த பிறகுதான் சொத்துரிமையில் அந்தக் கொடுமை ஒழிந்தது. சட்டப் புத்தகத்தை விட்டு ஒழிந்தது. திண்ணைப் பேச்சிலே ‘கர்மம்’ இன்னும் உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறது!

பாதிரிமாரும் நம் கேள்விக்குத் தப்ப முடியாது. மாற்கு எழுதிய நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்திலே, ஏசுநாதர் ‘எப்பத்தா’ என்று ஒரு சொல் சொன்னார், செவிடனின் காது திறந்தது என்று கதை. சுவைன்சன் அம்மையார் அந்தக் கதையை நம்பிய மிஷனிலிருந்து வந்தவர். ஆனால் ‘எப்பத்தா’ என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றாரா? இல்லையே! பலகை தேடினார், பாடம் வகுத்தார், பள்ளி கட்டினார். அற்புதம் வராது என்பதற்கு அந்தப் பள்ளிக் கட்டடத்தைவிடச் சான்று வேறு வேண்டுமா? ஜெபத்தால் ஒரு செவி திறந்திருந்தால், 1895 முதல் இத்தனை ஆண்டுகள் அங்கே வகுப்புகள் நடக்க வேண்டிய தேவை என்ன?

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. காது கேட்கும் பிள்ளை பள்ளியிலே ஒன்றைக் கேட்கிறது. வீட்டிலே பாட்டியிடம் வேறொன்றைக் கேட்கிறது. தேநீர்க் கடையிலே அதற்கு மறுப்பையும் கேட்கிறது. மூன்றையும் எடைபோட அதற்கு வழி உண்டு. கேளாப் பிள்ளைக்கோ வீட்டிலே பேச்சுத் துணை இல்லை. தாய்க்குச் சைகைமொழி தெரியாது. விடுதியே அதற்கு உலகம். தண்ணீருக்குச் சொல் தருகிற அதே கைதான் தெய்வத்துக்கும் சொல் தருகிறது. முதல் மொழியைத் தருபவர் முதல் நம்பிக்கையையும் சேர்த்தே தந்துவிடலாம். மறுத்துக் கேட்க அந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை. அத்தகைய அதிகாரம் சிலுவை அணிந்தவருக்கும் கூடாது, திருநீறு பூசியவருக்கும் கூடாது. பசித்தவனுக்குச் சோறிட்டுவிட்டு அவன் சிந்தனையைக் கூலியாகக் கேட்பது கருணையாகுமா?

அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தெளிவாகவே பேசுகிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியிலே, மாணவரை அவரது ஒப்புதல் இல்லாமல் வழிபாட்டிலே கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. சிறுவராயின் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நல்ல சட்டந்தான்! ஆனால் கூமாப்பட்டியிலே கூலி வேலை செய்யும் தாய், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு விடுதியைத் தவிர வேறு வழி அறியாதவள், காகிதத்திலே கைரேகை வைத்தால் அதற்குப் பெயர் ஒப்புதலா? வேறு பள்ளியைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு அவளைக் கேளுங்கள்.

இன்னொரு கொடுமையையும் கூறியாக வேண்டும். 1880-இல் மிலான் நகரிலே கேளாதோர் கல்வி மாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் கியூலியோ தார்ரா என்ற கத்தோலிக்கக் குருவானவர். வந்திருந்த 164 பேரிலே காது கேளாதவர் ஒரே ஒருவர்! சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானித்துவிட்டுக் கலைந்தனர். அதன் விளைவாகப் பல நாடுகளிலே பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஸ்டோக்கி 1960-இல், சைகைமொழியும் இலக்கணம் உடைய முழு மொழியே என்று ஆராய்ந்து காட்டினார். வான்கூவரிலே கூடிய மாநாடு அந்தப் பழைய தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது, 2010-இல்! மொழியின் பெயரால் சிறை சென்றவர்களின் வழி வந்த நமக்கு, ஒரு மொழியைத் தடுப்பது என்றால் என்ன என்று விளக்கவும் வேண்டுமோ?

2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகைமொழி அறிந்த ஆசிரியரைப் பயிற்றுவித்து அமர்த்துவது அரசின் கடமை என்கிறது. ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த நமக்கோ ஒரு சைகையேனும் கற்பிக்கப்படவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டிலே செவித்திறன் குறையுடையோர் ஐம்பது லட்சத்துக்கு மேல். அத்தனை பேரையும் அறநிலையங்களின் வாசலிலே நிறுத்திவிட்டு, அந்த வாசலிலே சிலுவை இருக்கிறதே என்று சினப்பது யாரை ஏமாற்ற?

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். தாலி இல்லை, புரோகிதர் இல்லை என்று மேடையிலே மார்தட்டித் திருமணம் செய்துகொண்டு, மணமகள் யார் என்றால் அக்காள் மகள்! நெருங்கிய உறவிலே மணம் புரிந்தால் பிறவிச் செவிட்டுக்கு வாய்ப்பு மிகுகிறது என்று மருத்துவம் சொல்கிறது. கருவுற்றவளுக்கு ரூபெல்லா அம்மை கண்டால் பிள்ளையின் செவி கெடும் என்பதும் மருத்துவமே. அதற்குத் தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டிலே 2017-இல் நடந்தபோது வதந்தியை நம்பி ஒளிந்த பெற்றோரும் உண்டு. அன்று வீடு வீடாகச் சென்று விளக்கியிருக்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

மொழி பதிவது ஐந்து வயதுக்குள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்னே, கூமாப்பட்டியிலும் வத்திராயிருப்பிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கேளாப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தெருவிலே, என்ன வயது என்று கணக்கெடுப்போம். அந்தப் பட்டியலோடு மாவட்ட ஆட்சியரிடம் செல்வோம். சைகைமொழி ஆசிரியர் ஒருவரை இந்த வட்டாரத்துக்கே அனுப்பக் கேட்போம். அவர் வந்தால் முதல் வகுப்பிலே பிள்ளைகளோடு தாய்மாரும் அமரட்டும். பின்வரிசையிலே நாமும் அமர்வோம்.