சின்னத் துளைதான்... உள்ளே போகும் வாயு?

2014 நவம்பர் மாதம். ஒடிசா மாநிலம் அங்குல் மாவட்டத்தில் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். ஒரே நாளில் 56 பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் கருத்தடை ஆபரேஷன். அவர்கள் வயிற்றை உப்ப வைக்க எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு!

செய்தியைப் படித்துக் கொதித்தவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. ஆபரேஷனுக்காக வயிற்றை உப்ப வைப்பது அந்த முகாமில் பிறந்த விபரீத யோசனை அல்ல. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளிலும் தினமும் நடப்பதுதான். எதை அடைக்கிறார்கள், எவ்வளவு அழுத்தத்தில் அடைக்கிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் எல்லாமே இருக்கிறது.

வயிற்றுக்குள் குடலும் மற்ற உறுப்புகளும் நெருக்கியடித்துக் கொண்டு கிடக்கும். சும்மா கேமராவை நுழைத்தால் ஒன்றும் தெரியாது. கூடாரம்போல வயிற்றுச் சுவரைத் தூக்கி நிறுத்தினால்தான் டாக்டர் வேலை செய்ய இடம் கிடைக்கும். 1901-இல் ஜெர்மனியின் கெல்லிங் என்ற டாக்டர் ஒரு நாயின் வயிற்றுக்குள் இப்படிப் பார்த்தபோது செலுத்தியது வடிகட்டிய சாதாரணக் காற்றைத்தான். 1924-இல் சுவிட்சர்லாந்தின் ஸோலிகோஃபர் கார்பன் டை ஆக்சைடுக்கு மாறினார். இன்றும் பெரும்பாலும் அதுதான்.

ஏன் அது? காரணம் எளிமையானது. கார்பன் டை ஆக்சைடு எரியாது. உள்ளே மின்சாரத்தால் சூடுபோட்டு ரத்தக்கசிவை நிறுத்தும்போது தீப்பிடிக்கும் பயமில்லை. அது ரத்தத்தில் சுலபமாகக் கரைந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சில் வெளியேறிவிடும். சாதாரணக் காற்றிலோ 78 சதவீதம் நைட்ரஜன். அது அவ்வளவு சுலபத்தில் கரையாது. ஒரு குமிழி ரத்தக் குழாயில் புகுந்து இதயத்தை அடைத்தால் உயிரே போகலாம். சைக்கிள் பம்பில் அழுத்தமானியும் இல்லை, சுத்தமும் இல்லை.

அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு முழுக்க சாதுவா? அதுவும் இல்லை!

வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் அதை அடைக்கிறார்கள். அந்த அழுத்தம் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நுரையீரல் விரிய இடம் குறைகிறது. கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடுகிறது. சிலருக்கு நாடித் துடிப்பு திடீரென்று இறங்கும். கரைந்த வாயு ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும். ஆரோக்கியமானவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். இதய நோயோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அதனால்தான் மயக்க மருந்து டாக்டர் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு அளவைக் கருவியில் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அபூர்வமாக, இந்த வாயுவே குமிழியாக ரத்தத்தில் புகுந்து உயிருக்கு உலை வைப்பதும் உண்டு.

2002-லேயே ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி அறுவை சிகிச்சை சங்கம் ஒரு பரிந்துரை செய்தது. எல்லாருக்கும் ஒரே அழுத்தம் என்று வைக்காமல், வேலைக்குப் போதுமான மிகக் குறைந்த அழுத்தத்தை வையுங்கள் என்பதுதான் அது. நியாயமான பேச்சு.

ஆனால் விளம்பரங்கள் சொல்வது என்ன? "சின்னத் துளை, தழும்பு தெரியாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்." எல்லாம் உண்மைதான். வாயுவைப் பற்றி மட்டும் மூச்சே விடுவதில்லை. பித்தப்பையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவருக்கு மறுநாள் தோள்பட்டை வலிக்கிறது. வயிற்றில் ஆபரேஷன், தோளில் ஏன் வலி? மாரடைப்போ என்று வீடே பதறுகிறது. வாயுவால் உறுத்தப்பட்ட உதரவிதானத்தின் வலியை நரம்பு தோளில் காட்டுகிறது, பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும் என்று ஒரு வரி முன்பே சொல்லியிருந்தால் பாதி பதற்றம் தீர்ந்திருக்கும்.

இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்து, வயிற்றைப் பெரிதாகக் கிழிக்கும் பழைய முறைக்கே போய்விடுவார் என்று சிலர் வாதிடலாம். சொல்லாமல் விட்டால்தான் பயம் அதிகமாகும். பெரிய காயத்தின் வலியையும் தொற்று அபாயத்தையும் சேர்த்தே சொன்னால், எது நல்லது என்று ஜனங்களுக்குத் தெரியாதா என்ன?

ஒடிசா அரசு சைக்கிள் பம்புக்குத் தடை போட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம், கருத்தடை முகாம்களையே மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. நல்லதுதான். ஆனால் அந்த 56 பெண்களில் எத்தனை பேரிடம் "உங்கள் வயிற்றில் இதை அடைக்கப் போகிறோம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

கையெழுத்து வாங்கும் படிவத்தில் வாயுவைப் பற்றி நாலு வரி, அதுவும் தமிழில், சேர்க்க எந்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய செலவில்லை. கையெழுத்துப் போடும் முன் "என்ன வாயு, எவ்வளவு அழுத்தம், என் இதயம் தாங்குமா?" என்று கேட்க நோயாளிக்கும் செலவில்லை.

துளை சின்னது என்பதற்காகக் கேள்வியும் சின்னதாக இருக்க வேண்டியதில்லை.