புழுவுக்கு வேலியில்லை

சின்னாளப்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் அங்கத்தினர் இல்லங்களுக்கு நாம் செல்லுங்கால், தறிக்குழிக்கு அருகே ஒரு பஞ்சாரத்தைக் காணாத நாள் அரிது. அதிலுள்ள நாலைந்து சிறுவிடைக் கோழிகள் வீட்டுப் பெண்மணியின் சொந்தச் சொத்து. கூலி வராத வாரத்தில் முட்டைக் காசுதான் எண்ணெய்க்கும் உப்புக்கும் ஆகிறது.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறையினர் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகின்றனர். கூடை கூடையாகக் கோழிகள் வருகின்றன, மகிழ்ச்சியே. ஆனால் அவற்றுட் பல நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி, கொண்டை வெளுத்துக் காண்கின்றன. குடற்புழுவால் நலிந்த உடலில் தடுப்பூசியின் பலன் குறையக்கூடும். எனவேதான் ஒரு வாரம் முன்னதாகவே புழுநீக்க மருந்து கொடுக்கும்படி மருத்துவர்கள் கூறுகின்றனர். அதைச் செய்வோர் சிலரே.

“ஒருமுறை கொடுத்தோம், பயனில்லை” என்பாரும் உளர். அவர்கள் சொல்வது பொய்யன்று. உருண்டைப் புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுந்து, சில வாரங்களில் தொற்றும் பக்குவம் எய்துகிறது. நிழலான ஈரமண்ணில் பல மாதங்கள் அழியாது கிடக்கும். நாடாப்புழுவோ எறும்பையும் வண்டையும் கோழி கொத்துவதால் வருவது. மருந்துண்ட கோழி மறுநாளே அடுத்த வீட்டுக் குப்பைமேட்டைக் கிளறுமாயின், தனிவீட்டு வைத்தியம் எத்தனை நாள் நிற்கும்?

ஆதலின், தெரு முழுவதும் ஒரே நாளில் மருந்து கொடுக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். நாலு கோழிக்கு ஒரு புட்டி வாங்கினால் மிச்சம் வீணாகும்; தெருவுக்கு ஒன்றாய் வாங்கினால் செலவு பங்காகும். “நூலையும் கடனையும் கவனிக்கும் சங்கத்துக்குக் கோழி எதற்கு?” என்று ஓர் அன்பர் நம்மைக் கேட்டார். கூலி குறைந்த மாதத்தில் தவணைப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் தம் இல்லத்தரசியைக் கேட்கட்டும்.

கடைக்காரர் கொடுத்ததை வாங்க வேண்டா. பைப்பரசின் உருண்டைப் புழுவை மட்டுமே நீக்கும். நாடாப்புழுவுக்கு மருந்து வேறு. கோழியின் எடைக்கேற்ற அளவையும், முட்டையை எத்தனை நாள் உண்ணலாகாது என்பதையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டறிக. வாத்து, வான்கோழி, புறா வளர்ப்போர் அவற்றுக்குரிய மருந்தையும் அளவையும் தனியே கேட்க வேண்டும்.

போகியன்று வீட்டைத் துப்புரவு செய்கையில் பஞ்சாரத்தடி மண்ணையும் சுரண்டி எருக்குழியில் புதைத்துவிடலாம். பொங்கல் கழிந்ததும் தெருவுக்கு ஒருவர் கோழிக் கணக்கெடுத்துச் சங்கக் காரியதரிசியிடம் தரட்டும்; மருந்தகத்துக்கு நாமும் உடன் வருகிறோம்.