ஐந்தாவது கியர் எதற்காக?

ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபி ஒன்றை மணிக்கு 70 மைல் வேகத்தில் ஓட்டினால் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,900 சுற்றில் ஓடும். டாப் கியரில் 1,000 சுற்றுக்கு மணிக்கு 17.9 மைல் என்பது அந்தக் காரின் கணக்கு. 1962-ல் அபிங்டனில் இருந்து முதல் எம்ஜிபி வெளிவந்தபோது எம்1 மோட்டார்வே திறந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. வளைந்து நெளிந்த கிராமத்துச் சாலைகளுக்காகவே அந்த விகிதங்களை வகுத்தார்கள். இன்றைய உரிமையாளர் அதே காரில் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் போக விரும்புகிறார். காது வலிக்கிறது, பெட்ரோல் கரைகிறது. பட்டறைக்கு வந்ததும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஃபைவ் ஸ்பீடு பாக்ஸ் போட்டுடுங்க."

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீரமைக்கும் பட்டறைகளில் இன்று அடிக்கடி கேட்கும் கோரிக்கை இது. கிட்டாக வாங்கினால் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகிறது. வேலையும் நல்ல வேலை. ஆனால் வாடிக்கையாளர் மருந்தின் பெயரைத்தான் சொல்கிறார், நோயைச் சொல்லவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மெக்கானிக்கின் பொறுப்பு.

குறை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வேகத்தில் என்ஜின் அலறுகிறது என்பது ஒன்று. முதல் கியரில் சின்க்ரோ இல்லாததால் கார் முழுதாக நிற்காமல் கியர் போட்டால் பல் உராய்கிறது என்பது இன்னொன்று. இவை இரண்டும் வடிவமைப்பைச் சார்ந்தவை. மூன்றாவது, பெட்டி தேய்ந்துபோனது. லேஷாஃப்ட் பேரிங் இரைகிறது, இரண்டாம் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் வெளியே குதிக்கிறது. மூன்றாவது வகைக் குறையோடு வருகிறவருக்குப் புதுப் பெட்டி விற்பது சரியல்ல. ஒழுங்காகப் பிரித்துக் கட்டிய அசல் பெட்டி எப்படி இருக்கும் என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. அவர்கள் வாங்கிய நாளிலிருந்தே அது தேய்ந்த பெட்டிதான்.

முதல் குறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். எம்ஜிபிக்கு அதிகம் விற்பது ஃபோர்டு சியராவின் டைப் 9 பெட்டியை அடிப்படையாகக் கொண்ட கிட். அதன் ஐந்தாவது கியர் விகிதம் 0.82. எம்ஜி நிறுவனமே கூடுதல் விலைக்குக் கொடுத்த லேகாக் ஓவர்டிரைவின் விகிதம் முந்தைய டி-டைப்பில் 0.802, பிந்தைய எல்எச்-டைப்பில் 0.82. அதாவது 70 மைலில் ஃபோர்டு பெட்டி என்ஜினை 3,200 சுற்றுக்கு இறக்கும். டி-டைப் ஓவர்டிரைவ் 3,140-க்கு இறக்கும். நெடுஞ்சாலை அமைதிக்காகவே ஐந்து வேகப் பெட்டி கேட்கிற எம்ஜிபி உரிமையாளருக்கு இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளின் கார்களில் ஓவர்டிரைவ் மூன்றாம் கியரிலும் வேலை செய்யும். மலைச்சாலையில் கிளட்ச் மிதிக்காமல் ஒரு சுவிட்சைத் தட்டி மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஓடுகிற வசதி டைப் 9-ல் கிடையாது.

ஓவர்டிரைவ் நம்ப முடியாதது என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. அதை மறுப்பது இந்த இதழின் கடமை. சூரியப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் உருளும் தொகுதியை எண்ணெய் அழுத்தத்தால் நகரும் கூம்புக் கிளட்ச் இயக்குகிறது. இதில் கெட்டுப்போக அதிகமில்லை. "ஓவர்டிரைவ் போச்சு" என்று வரும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய் மட்டம், அடைத்துக்கொண்ட ஃபில்டர், சோலனாய்டு, அதற்குப் போகும் ஒயர், மேல் கியர்களில் மட்டும் மின்சுற்றை இணைக்கும் சிறு சுவிட்ச். பெட்டியை வெளியே எடுக்காமலே இவற்றில் பெரும்பாலானதைச் சோதிக்கலாம். எண்ணெயிலும் தவறு நடக்கிறது. எம்ஜிபி கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன, அது 20டபிள்யூ/50 என்ஜின் எண்ணெய். பின் ஆக்சிலுக்கான ஹைப்பாய்டு எண்ணெயை அதில் ஊற்றினால் கூம்புக் கிளட்ச் வழுக்கும், வெண்கல வளையங்களுக்கும் கேடு.

அப்படியானால் டைப் 9-க்கு இடமே இல்லையா? உண்டு. 1967 வரையிலான மார்க் 1 எம்ஜிபியில் முதல் கியருக்குச் சின்க்ரோ இல்லை. அந்த ஆண்டு மார்க் 2 வந்தபோது நான்கு கியருக்கும் சின்க்ரோ கிடைத்தது, ஆனால் பெட்டி பெரிதானதால் டனலும் அகலமானது. பழைய காரில் மார்க் 2 பெட்டியைப் போட நினைத்தால் டனலை வெட்ட வேண்டிவரும். என்ஜினின் பின் தகடும் ஃப்ளைவீலும்கூட ஒத்துவராது. "அதே கம்பெனிப் பெட்டிதானே" என்று தோன்றும் இந்த வழிதான் காரை அதிகம் சிதைக்கும் வழி. ஒல்லியான ஃபோர்டு பெட்டியோ தகரத்தைத் தொடாமல் உள்ளே போய்விடுகிறது. பெல் ஹவுசிங், ரிலீஸ் பேரிங், பின்புறத் தாங்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாறும், எல்லாமே போல்ட்டில் நிற்பவை. முழங்காலில் வலியுள்ள ஓட்டுநர் நகர நெரிசலில் முதல் கியருக்காக இரட்டைக் கிளட்ச் போட்டுத் தவிக்கிறார் என்றால் அந்த மாற்றம் நியாயமானது. அதைச் செய்வதில் எந்தப் பட்டறையும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அம்பாசடரின் 1,489 சிசி என்ஜினும் எம்ஜிபியின் 1,798 சிசி என்ஜினும் பிஎம்சியின் ஒரே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் நம்மூர் மெக்கானிக்குகளுக்கு இந்தக் காரின் முன்பாதி அந்நியமல்ல. பின்பாதியான கியர்பாக்ஸுக்கு மட்டும் எடுத்த எடுப்பிலேயே வெளியூர் கிட்டை நம்பிப் போகத் தேவையில்லை.

ஜாகுவார் ஈ-டைப்பில் கணக்கு வேறு. 1961-ல் வந்த 3.8 லிட்டர் காரில் இருப்பது மாஸ் பெட்டி. முதல் கியரில் சின்க்ரோ கிடையாது, பற்கள் நேராக வெட்டியவை என்பதால் ஊளையிடும். மற்ற கியர்களிலும் கை மெதுவாகத்தான் நகர வேண்டும். ஆனால் உறுதியான பெட்டி. 1964 அக்டோபரில் 4.2 வந்தபோது ஜாகுவாரின் சொந்தப் பெட்டி, எல்லாக் கியருக்கும் சின்க்ரோவோடு வந்தது. எனவே 4.2 உரிமையாளர் ஐந்தாவது கியர் கேட்டால் அவருடைய குறை சுற்று வேகம் மட்டுமே. அங்கே முதலில் திறக்க வேண்டியது பின் ஆக்சில். அமெரிக்காவுக்குப் போன கார்கள் பலவற்றில் அதன் விகிதம் 3.54, பிரிட்டனில் விற்றவற்றில் 3.07. 70 மைலில் முன்னது சுமார் 3,070 சுற்று, பின்னது சுமார் 2,660. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த காருக்கு 3.07 போட்டால் போதும். ஜாகுவாரின் சொந்த உதிரி, வெளியே எதுவும் தெரியாது. பின் சஸ்பென்ஷன் கூண்டு முழுவதையும் இறக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கியர்பாக்ஸை மாற்ற பானெட்டைக் கழற்றி, என்ஜினையும் பெட்டியையும் ஒன்றாக முன்பக்கம் இழுக்க வேண்டும். இரண்டில் எது சின்ன வேலை என்று சொல்லத் தேவையில்லை.

இதைக் கணக்கிடாமல் டி5 என்ற ஐந்து வேகப் பெட்டியை வாங்கியவர்களின் கார்கள் பரிதாபமானவை. மஸ்டாங் காருக்கான டி5-ல் ஐந்தாவது கியர் 0.68. 3.07 ஆக்சிலோடு சேர்த்தால் 70 மைலில் என்ஜின் 1,800 சுற்றில் ஓடும், 50 மைலில் 1,300-ஐக்கூடத் தொடாது. எக்ஸ்கே என்ஜினின் உச்ச டார்க் 4,000 சுற்றில் கிடைப்பது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்ட ஐந்தாவது கியரை அந்த உரிமையாளர் ஒரு சிறு ஏற்றத்திலும் பயன்படுத்த மாட்டார். அதே பெட்டி 3.54 ஆக்சிலோடு 2,090 சுற்றில் நன்றாக ஓடும். சியரா ஆர்எஸ் காஸ்வொர்த் காருக்கான டி5-ல் ஐந்தாவது 0.80, அது 3.07-க்குப் பொருந்தும். டி5 என்று பெயரை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது.

உலக அளவில் பழைய வாகனக் கழகங்களை இணைக்கும் ஃபீவாவின் டூரின் சாசனம் இந்த விஷயத்தில் பட்டறைக்காரர்களுக்கு உதவக்கூடியது. தவிர்க்க முடியாத மாற்றம் என்றால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி இருக்கட்டும், கழற்றிய முக்கியமான அசல் பாகங்கள் காரோடு இருக்கட்டும் என்பதே அதன் பரிந்துரை. இந்த இதழ் அதில் ஒரு படி கடுமையாக நிற்கிறது: டனலிலோ தரையிலோ ரம்பம் படுமானால் வேலையை மறுத்துவிடுங்கள். போல்ட்டைக் கழற்றி மாட்டலாம். 1961-ல் அழுத்தி உருவாக்கிய தகரத்தை வெட்டிய பின் யார் ஒட்டினாலும் அது வேறு தகரம்.

செய்வதென்று முடிவானால் இரண்டு வேலைகளை மறந்துவிடக் கூடாது. ஸ்பீடோமீட்டரை மறு அளவீடு செய்ய வேண்டும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்ற எண் ஸ்மித்ஸ் மீட்டரின் டயலிலேயே அச்சாகியிருக்கும், புதுப் பெட்டிக்கு அது ஒத்துவராது. அசல் பெட்டியை எண்ணெய் பூசி, துவாரங்களை அடைத்து, அதன் எண்ணைத் தகட்டில் எழுதிக் கட்டி, பழைய ப்ராப் ஷாஃப்ட், கியர் லீவர், தாங்கிகளோடு ஒரே மரப்பெட்டியில் வைத்து உரிமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும். பட்டறையின் மூலையில் விட்டால் இரண்டு வருடத்தில் அது வேறொரு காருக்கு உதிரியாகிவிடும். ஒப்படைத்ததற்கு பில்லில் ஒரு வரி எழுதி, உரிமையாளரின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.