டிப்போ வாசல் பெஞ்ச்

என் தாய்மாமா அரசுப் பேருந்து ஓட்டுநர். 22 வருஷ சர்வீஸ். விடியற்காலை டிரிப் ஒன்றில் எதிரே வந்த லாரி மோதி வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்து, பிசியோதெரபிக்கு அலைந்து, 9 மாதம் கழித்து எழுந்து நடந்தார். ஆனால் கால் முழுதாக மடங்கவில்லை. மருத்துவக் குழு, ‘ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்தது. என்ன வேலை செய்ய முடியும் என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை.

வேலையை விட்டு எடுக்கவில்லை. வேலை கொடுக்கவும் இல்லை. தினமும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போய், வாசல் பக்கத்து மர பெஞ்சில் உட்காருவார். “மேலேருந்து ஆர்டர் வரணும்ணே” என்பார் கிளார்க். லீவெல்லாம் தீர்ந்து சம்பளமும் நின்றது. ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். ஒவ்வொரு வண்டி வெளியே கிளம்பும்போதும் மாமாவின் வலது பாதம் தரையை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

“எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க, பென்ஷன் வரும். பையனுக்கு வாரிசு வேலைக்கு மனு போடலாம்” என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் நிறைய. அத்தையும் பாதி மனசாக இருந்தார். கையெழுத்துப் போட இருந்த அன்றுதான், தொழிற்சங்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தடுத்தார்.

அவர் காட்டியது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் பிரிவு 20(4). பணியில் இருக்கும்போது உடல்திறன் குறைந்துபோன அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாதென்றால், அதே சம்பள விகிதத்தில், அதே சலுகைகளோடு வேறு வேலை தர வேண்டும். அப்படி ஓர் இடம் காலியில்லை என்றாலும் விடாது இந்தச் சட்டம்: இடம் கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு வயதுவரை, உபரிப் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது புதிதும் அல்ல. இதற்கு முன்பிருந்த 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதையேதான் சொன்னது. காலை இழந்த மத்தியப் படைக் காவலர் ஒருவரின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பதைச் சொல்லி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

சட்டத்தில் குறையில்லை. அதை யார் கையில் எடுப்பது என்பதில்தான் இருக்கிறது கோளாறு. நடக்க முடியாதவர்தான் மனுவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறது. இது அநியாயம். ஊழியர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே அலுவலகத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்து என்ன வேலை என்ற பேச்சு அங்கேயே தொடங்க வேண்டும். 22 வருஷம் அந்தத் தடங்களில் ஓட்டியவருக்கு எந்த வண்டி எங்கே தாமதமாகும் என்று அத்துப்படி. அந்த அறிவு 11 மாதம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தது.

மனு, நினைவூட்டல், மறுபடி மனு என்று அலைந்து கடைசியில் ஆர்டர் வந்தது. இப்போது மாமா அதே டிப்போவில் வண்டிகள் கிளம்பும் நேரத்தை எழுதுகிறார். அதே சம்பளம். கால் நீட்டி உட்கார வசதியாக உயரமான நாற்காலி ஒன்றை மெக்கானிக்குகளே செய்து கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் அரசு வேலையில் இருப்பவர் யாருக்காவது அடிபட்டால், எழுதிக் கொடுக்கச் சொல்லும் எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட விடாதீர்கள். முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குங்கள். மனுவில் பிரிவு 20(4) என்று எண்ணோடு குறிப்பிட்டு, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போங்கள்.