ஊன்றிய பல்லைப் பேணும் முறை

விழுந்த பல்லுக்கு ஈடாகத் தாடை எலும்பிலேயே டைட்டானியத் திருகு ஒன்றை இறக்கி, அதன்மேல் பல் பொருத்திக்கொள்ளும் வழக்கம் பட்டணங்களைக் கடந்து, நமது பெருமுக்கல் போன்ற சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. 'இம்பிளாண்ட்' என்று வைத்தியர்கள் சொல்லும் இதனை ஊன்றிய பல் என்றே நாம் அழைப்போம். நெல் விற்ற பணத்தையோ ஓய்வூதியச் சேமிப்பையோ கொடுத்து இதைப் பெறுகிறவர்கள், திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ வேலை முடிந்து வீடு திரும்பியதும், "உலோகத்தைப் பூச்சி அரிக்குமா? இனிக் கவலை இல்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிதான் அபாயம் என்பதை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இவ்வித்தைக்கு மூலபுருஷர் ஸ்வீடன் தேசத்துப் பேராசிரியர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1952-ஆம் வருஷத்தில் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆராய்ந்தபோது, எலும்பு அவ்வுலோகத்துடன் ஒன்றிப்போய், கருவியை மீட்கவே இயலாதிருப்பதை அவர் கண்டார். 1965-இல் முதன்முதலாக மனிதர் ஒருவருக்குப் பல் ஊன்றினார். அம்மனிதர் 2006-இல் காலமாகும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அது அவருக்கு உழைத்தது. டைட்டானியம் நமக்கு அந்நியப் பொருளுமன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட், அதன் தாதுவே.

ஆனால் இயற்கைப் பல்லுக்கும் ஊன்றிய பல்லுக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. இயற்கைப் பல்லின் வேரை மெல்லிய நார்கள் எலும்போடும் ஈறோடும் பிணைத்து நிற்கின்றன. ஊன்றிய பல்லுக்கு அந்நார்ப் பிணைப்பு இல்லை. ஈறு அதனைச் சட்டைக் கழுத்துப்போல் சுற்றிப் பிடித்திருக்கிறதே தவிர, வேரூன்றிப் பற்றவில்லை. ஆகையால் அழுக்கும் கிருமியும் கீழிறங்குவது எளிது. ஏரிக்கரையில் ஊன்றிய கல்தூண் உளுத்துப்போவதில்லை. சுற்றிலுமுள்ள மண் கரைந்தால் தூண் சாய்கிறது. இங்கே மண்ணின் ஸ்தானத்தில் இருப்பது எலும்பு.

இன்னொரு தீமை, வலி வந்து எச்சரிப்பது அரிது. முதலில் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது இரத்தம் கசியும். அந்நிலையில் வைத்தியரிடம் சென்று, அழுக்கை நீக்கிச் சுத்தம் செய்துகொண்டால் பழையபடி குணமாகும். அலட்சியம் செய்தால் நோய் எலும்பைத் தொடும். கரைந்த எலும்பைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். சீழ், துர்நாற்றம், திருகு வெளியே தெரிதல், பல் ஆடுதல் இவையெல்லாம் காலம் கடந்த அறிகுறிகள்.

இனி, செய்ய வேண்டியவை. சிகிச்சை செய்த புண் ஆறும்வரை வைத்தியர் சொன்னபடியே நடத்தல் வேண்டும். ஆறியபின், மிருதுவான பிரஷினால் காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிஷம் துலக்க வேண்டும். பிரஷைச் சற்றே சாய்த்து, ஈறும் பல்லும் கூடும் இடத்தில் மெதுவாக அசைக்க வேண்டும். உட்புறத்தையும் மறத்தல் ஆகாது. உமிக்கரி, செங்கல் தூள், உப்புத்தூள் ஆகியவை பல்லின் மேற்பரப்பைக் கீறிவிடும். கீறலில் அழுக்கு தங்கும். ஆலும் வேலும் புகழ்பெற்றவைதாம். எனினும் குச்சியின் நுனி ஈற்றோரத்து மடிப்புக்குள் செல்லாது.

பல்லிடுக்குகளுக்கென்றே, குப்பி கழுவும் பிரஷைச் சுருக்கினாற்போன்ற சிறு பிரஷ்கள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. கம்பியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாக, இடுக்குக்கேற்ற அளவில் வைத்தியரையே தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள். தினம் ஒருமுறை போதும். ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி கொண்டு குத்துதல் கூடவே கூடாது. கொப்பளிக்கும் மருந்தை வைத்தியர் குறித்த நாட்களுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம். பல்லில் கறை படியும்.

கழற்றி மாட்டும் வகைப் பல்வரிசையானால், இரவில் கழற்றி, மென்மையான பிரஷும் சோப்பும் கொண்டு கழுவித் தண்ணீரில் வைக்க வேண்டும். கொதிநீர் அதன் வடிவைக் கெடுத்துவிடும். வாயினுள் நிற்கும் குமிழ்களையும் துலக்குதல் அவசியம்.

கை நடுங்கும் முதியோருக்குப் பிரஷின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுக்கலாம். வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் ஈற்றைப் பார்த்துச் சொல்வது பெரிய உபகாரம். புகையிலை, பீடி ஆகியவற்றை விடாதவர்களும், சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தாதவர்களும் மற்றவரைவிட விரைவில் எலும்பை இழக்கிறார்கள்.

நோவு இல்லையென்றாலும் ஆறு மாதத்திற்கொருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். ஊன்றியவர் வேறூர் சென்றுவிட்டால், புதுச்சேரியிலும் சென்னையிலும் உள்ள அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆலோசனை பெறலாம். அதற்கு முன்னேற்பாடாக, திருகின் கம்பெனிப் பெயரும் அளவும் எழுதிய அட்டை ஒன்றை வைத்தியரிடம் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி திருகின் பொருத்து முறை மாறுவதால், அவ்வட்டையின்றிப் புதிய வைத்தியர் அப்பல்லைத் தொடுவதற்கே தயங்குவார்.