எழுத்தும் இயங்குதளமும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று மாணவர்கள் நமக்கு அனுப்பும் வாழ்த்துகளில் மொழி தமிழாகவே இருக்கும்; எழுத்து மட்டும் ஆங்கிலம். இதைச் சோம்பல் என்றே நாம் இதுவரை கடிந்து வந்திருக்கிறோம். அது முழு உண்மையன்று.

முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்தது. திறன்பேசிகள் வந்தபின், அத்தகைய செயலி எவ்வாறு பயன்படவேண்டும் என்பதை ஆக்கியவர் மட்டுமே முடிவுசெய்ய இயலவில்லை. ஆண்ட்ராய்டு 2009லேயே பிறர் ஆக்கிய விசைப்பலகைகளுக்கு இடமளித்தது. ஆப்பிளோ 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை இடமளிக்கவில்லை. அதுவரை ஐபோனில் செல்லினத்துக்குள் எழுதி, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் ஒட்டவேண்டியிருந்தது. செயலி அதுவே, தளம் மாறியதும் அனுபவம் மாறிற்று.

தட்டும் ஒவ்வொரு எழுத்தும் விசைப்பலகை வழியே செல்வதால், பிறர் ஆக்கியதை அனுமதிக்கத் தயங்குவதில் நியாயமுண்டு. அப்படியாயின் தமிழ் விசைப்பலகையைத் தாமே முதலிலேயே தந்திருக்க வேண்டும். ஆப்பிள் அதனைத் தந்தது 2013இல், ஐஓஎஸ் 7இல்தான். நம் எழுத்து காத்திருந்த அவ்வாண்டுகளில் விரல்கள் ஆங்கில எழுத்துக்குப் பழகிவிட்டன.

இன்று இரு தளங்களிலும் தமிழில் எழுத வழியுண்டு. ஆனால் கதவு திறந்ததனாலேயே பழக்கம் மாறிவிடாது. தமிழாசிரியர்களாகிய நாம் கடிந்துரைப்பதை நிறுத்தி, யாப்பிலக்கண வகுப்புகளில் ஒன்றையேனும் தமிழ்99 பயிற்சிக்கு ஒதுக்குவோம். சீரும் தளையும் சிறிது காத்திருக்கும்.